கலையரங்கம் கட்டினால் போதுமா?

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர்)

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையை விட்டுக் கிளைச் சாலை ஒன்றில் திரும்பி, சிற்றூர் ஒன்றினுள் நுழைவோர் பெரும்பாலும் ஒரு காட்சியைக் காண்பர். கோயில் திடலிலோ, பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்திலோ சிமெண்டினால் கட்டிய மேடை ஒன்று நிற்கும். மூன்று பக்கம் சுவர். மேலே கான்கிரீட் தளம். நெற்றியிலே ‘கலையரங்கம்’ என்னும் பெரிய எழுத்து. அதன் கீழே எந்த நிதியிலிருந்து, எந்த ஆண்டில், எவ்வளவு மதிப்பீட்டில் கட்டப்பட்டது என்ற விவரம். மேடையின்மீது என்ன இருக்கும்? அறுவடைக் காலமானால் நெல் மூட்டைகள், கோடையானால் காயவைத்த முந்திரிக்கொட்டை, பகலிலே சீட்டாட்டம், இரவிலே ஆடுகள். கலை மட்டும் இராது.

மூட்டையை அங்கே அடுக்கியது விவசாயியின் குற்றமன்று. உலர்களம் இல்லாத ஊரிலே அவர் வேறு எங்கே அடுக்குவார்? குற்றம் எங்குள்ளது என்று வினவினால், அதில் நமக்கும் பங்குண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுதல் நலம். கட்டடம் முடிந்தது என்று சான்று எழுதிக் கையொப்பமிட்டு, கோப்பினை மூடியவர்கள் நாமே. கட்டடம் முடிந்தது உண்மை, அரங்கம் தொடங்கவில்லை. ஓர் ஊரின் மேடையை எவ்வாறு உயிருடன் வைத்திருப்பது, அதில் பஞ்சாயத்தின் கடமை யாது என்பதைப் பற்றி நாம் பட்டறிந்த சில செய்திகளை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நம் மண்ணின் செல்வம்

பழைய தென்னார்க்காடு மாவட்டம் 1993 ஆம் ஆண்டில் பிரிக்கப்பட்டது. எல்லைகள் மாறினவே அன்றி, இந்த மண்ணின் இசையும் கூத்தும் மாறவில்லை. தேவாரம் பாடிய திருநாவுக்கரசர் பிறந்த திருவாமூர், பண்ணுருட்டிக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூர். திருமுறைகளைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பியின் ஊராகிய திருநாரையூர், காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் உள்ளது. தில்லைக் கூத்தனைத் தமிழ்க் கீர்த்தனைகளால் பாடிய மாரிமுத்தாப் பிள்ளை, சிதம்பரத்தை அடுத்த தில்லைவிடங்கனில் வாழ்ந்தவர். திரௌபதி அம்மன் விழாக்களில் பகலெல்லாம் விரித்துரைக்கப்படும் பாரதத்தைப் பாடிய வில்லிபுத்தூரார், இப்பகுதியைச் சேர்ந்த திருமுனைப்பாடி நாட்டினர். இவர்களுள் எவரும் பெருநகரத்தில் தோன்றியவர் அல்லர். இவை யாவும் உழவும் நடவும் நடந்த ஊர்களே.

இதே மாவட்டத்தில் பெரிய நிறுவனங்களும் தோன்றின. இராஜா அண்ணாமலை செட்டியார் 1929 ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி ஒன்றினை நிறுவினார். தமிழ்ப் பாட்டுக்கு மேடையில் உரிய இடம் வேண்டும் என்ற கோரிக்கையுடன் 1941 ஆம் ஆண்டில் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடிற்று. அதன் விளைவாகவே 1943 இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் உருவாயிற்று. 108 கரணங்களைக் கல்லில் வடித்துக் காட்டும் கோபுரங்களைக் கொண்ட சிதம்பரத்தில், 1981 முதல் மகாசிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி விழா நடைபெற்று வருகிறது. பல நாடுகளிலிருந்தும் நடனக் கலைஞர்கள் அதற்கென வருகின்றனர்.

இவையெல்லாம் நமக்குப் பெருமையே. ஆயினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊரைச் சேர்ந்த விவசாயத் தொழிலாளி ஒருவர், மனைவி மக்களுடன் சிதம்பரத்துக்கு வந்து, இரவு நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டுத் திரும்புவது எவ்வாறு? கடைசிப் பேருந்து போய்விடும். விடிந்தால் களை பறிக்கச் செல்ல வேண்டும். நகரத்து விழாவினால் நகரம் ஒளி பெறும். ஊர் ஒளி பெற வேண்டுமாயின் ஊருக்குள்ளேயே விளக்கு ஏற்றப்பட வேண்டும்.

நாம் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன், நமது ஒன்றியத்தைச் சேர்ந்த ஓர் ஊரில் புதிதாகக் கட்டிய கலையரங்கத்தைத் திறந்துவைக்க ஏற்பாடாயிற்று. திறப்பு விழா சிறப்பாக அமைய வேண்டும் என்னும் ஆவலினால், நகரத்திலிருந்து திரைப்படப் பாடல்களைப் பாடும் மெல்லிசைக் குழு ஒன்றினை வரவழைத்தோம். பெரிய ஒலிபெருக்கிகள், வண்ண விளக்குகள் எல்லாம் வந்தன. கூட்டமும் வந்தது. ஊரார் திரட்டிய பணம் முழுவதும் அந்த ஓர் இரவிலேயே செலவாயிற்று. மறுநாள் காலையில் ஊரில் எஞ்சியவை கிழிந்த வண்ணத் தாள்களும், இளைஞர் இரு சாரார்க்கிடையே மூண்ட சச்சரவுமே. அதன்பின் 2 ஆண்டுகள் அந்த மேடையில் ஒரு நிகழ்ச்சியும் நடைபெறவில்லை.

திரைப்படப் பாடலை நாம் குறை கூறவில்லை. அது மக்கள் விரும்புவது. அதற்கும் ஓர் இரவு உண்டு. நாம் செய்த பிழை வேறு. அந்த ஊரில் யார் யார் பாடுவர், யார் மத்தளம் வாசிப்பர், பக்கத்து ஊரில் எந்தக் கூத்துக் குழு இருக்கிறது என்று ஒரு கேள்விகூட நாம் கேட்கவில்லை. பிறகு விசாரித்தபோது, அந்த மேடையிலிருந்து கூப்பிடு தூரத்தில், 40 ஆண்டுகள் கூத்தில் பெண் வேடம் கட்டிய முதியவர் ஒருவர் வாழ்ந்து வந்தது தெரிந்தது. திறப்பு விழா அன்று அவர் கூட்டத்தின் கடைசியில் நின்று பார்த்துவிட்டுப் போனாராம்.

அன்று நாம் கற்ற பாடம் இது: வெளியூரிலிருந்து வாங்கி வரும் கலை ஓர் இரவுக்கு ஆகும், உள்ளூரில் வளர்க்கும் கலையே மேடையைக் காக்கும்.

யார் எங்கே அமர்வது?

கலையரங்கத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. நாம் பேசியே ஆகவேண்டும்.

நந்தனார் சரித்திரத்தை அறியாத ஊர் நம் மாவட்டத்தில் இல்லை. 19 ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அதனைக் கதாகாலட்சேபத்துக்கு உரிய இசைக் காவியமாக ஆக்கினார். அதன் நாயகன் யார்? சிதம்பரம் சென்று கூத்தனைக் காண விடுப்புக் கேட்டு நிற்கும் ஒரு பண்ணையாள். அவன் பொருட்டு நாம் கண்ணீர் வடித்திருக்கிறோம். ஆனால் அவன் கதை நடக்கும் திடலில், அவனைப் போன்ற உழைப்பாளிகள் எங்கே அமர்ந்து கேட்டனர்? பல ஊர்களில் அவர்கள் திடலுக்கு வெளியே, சாலையோரத்தில் நின்றே கேட்டனர். இன்றும் நிற்கும் ஊர்கள் உண்டு. நந்தனாரின் பெயராலேயே சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் 1916 ஆம் ஆண்டில் கல்விக் கழகம் தொடங்கிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். நூறாண்டுகள் கடந்தும், பாய் விரித்து அமரும் இடத்தில் வேற்றுமை நீடிக்குமாயின் அது நமக்கு இழுக்கேயாகும்.

மேலே குறிப்பிட்ட அதே ஊரில், மெல்லிசைக் குழு வந்து சென்ற 2 ஆண்டுகளுக்குப் பின் ஒரு கூத்து ஏற்பாடாயிற்று. அன்றிரவு ‘கர்ண மோட்சம்’. மேடை உயரமாக இருந்தமையால் அதன் முன்னுள்ள மண் தரையிலேயே களம் அமைத்தனர். மக்கள் வந்து அமர்ந்தனர். ஆதிதிராவிடர் தெருவினர் வழக்கம்போல் சாலையோரத்திலேயே நின்றனர். வந்து அமருமாறு அழைத்தும் அவர்கள் தயங்கினர். அமர்ந்திருந்தோரில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டனர். அப்போது பஞ்சாயத்துத் தலைவராக இருந்த அம்மையார் எழுந்து கூத்து வாத்தியாரிடம் சென்றார்.

“வாத்தியாரே, கூத்து நடக்க இந்த இடந்தான் வேண்டுமா?”

“எங்களுக்கு என்னம்மா, மண் தரை இருந்தால் போதும். எந்தப் பக்கம் திரை பிடித்தாலும் கூத்துத்தான்.”

“அப்படியானால் களத்தை அந்தச் சாலையோரத்துக்குக் கொண்டுபோங்கள்.”

அம்மையார் மக்களை நகரச் சொல்லவில்லை. களத்தை நகர்த்தச் சொன்னார். விளக்குகளும் ஆர்மோனியப் பெட்டியும் மத்தளமும் சாலையோரத்துக்குச் சென்றன. அதுவரை நின்றுகொண்டிருந்தவர்கள் முன்வரிசை ஆயினர். அமர்ந்திருந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கே செல்ல வேண்டியதாயிற்று. சிலர் சினந்து வீடு திரும்பினர். பெரும்பாலோர் சென்று அமர்ந்தனர். பிறப்பினைக் காரணம் காட்டி அவையிலே இகழப்பட்ட கர்ணனின் கதையை, அந்த ஊர் அன்று முதன்முதலாக ஒரே தரையில் அமர்ந்து பார்த்தது. வீடு திரும்பியவர்களுள் ஒரு குடும்பத்தார் அந்த ஆண்டு முழுவதும் கூத்துப் பக்கம் வரவில்லை என்பதையும் மறைக்காமல் கூற வேண்டும். மறு ஆண்டு அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் வந்தனர்.

இது புதிய கொள்கை அன்று. வடலூரில் வள்ளலார் 1867 ஆம் ஆண்டில் நிறுவிய தருமசாலையில், பசித்து வந்தோர் யாவர்க்கும் ஒரே பந்தியில்தான் உணவு. வயிற்றுக்கு ஒரே பந்தி என்று காட்டிய மாவட்டம், செவிக்கும் கண்ணுக்கும் ஒரே பந்தி அமைக்கத் தயங்கலாகாது. ஊர் மேடைக்குரிய இடத்தைத் தேர்வு செய்யும்போதே, எல்லாத் தெருவினரும் தடையின்றி வந்துசேரக்கூடிய பொது நிலமா என்று பார்த்தல் வேண்டும். நாற்காலி வரிசை என ஒன்று இருக்குமாயின் அது முதியோருக்கும், கருவுற்ற பெண்களுக்கும், உடல் ஊனமுற்றோருக்கும் மட்டுமே உரியதாதல் வேண்டும்.

மேடையும் களமும்

மேடை கட்டுவதில் சில நுட்பங்கள் உண்டு. நமது மதிப்பீடுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. எந்தக் கலைக்கு என்று எண்ணிச் செய்தவை அல்ல.

பாட்டுக் கச்சேரிக்கும், நாகசுரத்துக்கும், பள்ளிப் பிள்ளைகளின் நாடகத்துக்கும் உயர்ந்த மேடை ஏற்றது. தெருக்கூத்துக்கு அது ஏற்றதன்று. கூத்து தரையில் ஆடப்படுவது. மூன்று பக்கமும் மக்கள் சூழ அமர்வர். இருவர் திரை பிடிக்க, வேடம் கட்டியவர் திரைக்குப் பின்னிருந்தே பாடி, பின் வெளிப்படுவார். கட்டியக்காரன் கூட்டத்தோடு பேசுவான். அவர்களை 4 அடி உயர மேடையில் ஏற்றினால் அந்த உறவு அறுந்துபோகும். ஆதலின் மேடைக்கு முன்னால் 20 அடி அளவுக்கு மண் தரையாகவே விட்டுவைத்தல் வேண்டும். சிமெண்டுத் தரையில் இரவெல்லாம் சுழன்று ஆடினால் கலைஞரின் கால் மூட்டுகள் தேய்ந்துபோகும்.

அந்த மண் களத்துக்கு அப்பால், மக்கள் அமரும் இடத்துக்குச் சிமெண்டுத் தளம் போடலாம். அறுவடைப் பகலில் அது நெல் உலர்களம்; நிகழ்ச்சி இரவில் மக்கள் அமரும் அவை. ஒரே செலவில் இரு பயன். மூட்டைகளும் மேடையை விட்டு இறங்கும்.

மேடை வடக்கு நோக்கி இருப்பது நலம். மேற்கு நோக்கினால் மாலை வெயில் கலைஞரின் கண்ணிலும், கிழக்கு நோக்கினால் பார்ப்போரின் கண்ணிலும் விழும். மேடையின் பின்புறம் வேடம் கட்டும் அறை ஒன்றும், அதையொட்டிக் கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும் இருத்தல் இன்றியமையாதது. பெண்கள் மேடை ஏற வேண்டும் என்று பேசிவிட்டு, அவர்கள் உடை மாற்ற இடமில்லாத மேடையைக் கட்டுதல் பொருந்தாது. மின்சாரத்துக்கு முறையான தற்காலிக இணைப்புப் பெறுதல் வேண்டும். கம்பத்தில் கொக்கி போட்டு மின்சாரம் எடுத்தல் உயிருக்கே ஆபத்து.

கடலோர ஊர்களுக்கு ஒரு சொல். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையும், 2011 டிசம்பர் 30 ஆம் நாள் ‘தானே’ புயலும் நம் கரையைத் தாக்கியதை யாரும் மறந்திருக்க முடியாது. கடலோரத்தில் கட்டப்பட்டுள்ள புயல் பாதுகாப்புக் கட்டடங்கள் ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. உரிய அனுமதியுடன் அவற்றின் கூடத்தில் மாதம் ஒரு முறை பாட்டோ நாடகமோ நடைபெறுமாயின், விளக்கு எரிகிறதா, குழாயில் நீர் வருகிறதா, கதவு திறக்கிறதா என்பதெல்லாம் தாமாகவே சோதிக்கப்படும். ஆபத்து வரும் இரவில் குழந்தைகளும் அறியாத இடத்துக்கு ஓட வேண்டியதில்லை. பழகிய இடத்துக்கே செல்வர்.

இரவும் ஒலிபெருக்கியும்

கூத்து விடியவிடிய நடப்பது. சட்டமோ இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியைத் தடை செய்கிறது. 2000 ஆம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, பண்பாடு அல்லது சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல், நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு விலக்கு அளிக்கலாம். ஒலிபெருக்கி எந்த நேரத்தில் வைப்பதாயினும் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். இதனைக் காரணம் காட்டிக் கூத்தையே கைவிட்ட ஊர்கள் உள்ளன.

அவ்வாறு கைவிட வேண்டியதில்லை. ஒலிபெருக்கி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே கூத்து தோன்றிவிட்டது. உரத்த சுருதியில் பாடும் குரலும், முகவீணையும், மத்தளமும் திறந்த வெளிக்கென்றே அமைந்தவை. 300 பேர் சூழ அமர்ந்தால் கடைசி வரிசைக்கும் கேட்கும். கூட்டத்தை நெருங்கி அமரச் செய்வதே வேண்டுவது.

மற்றொரு வழி, மாலை 6.30 மணிக்குத் தொடங்கி 10 மணிக்குள் முடிக்கும் குறுங்கூத்து. பள்ளிப் பிள்ளைகளும், மறுநாள் வேலைக்குச் செல்வோரும் முழுவதும் பார்க்க அதுவே வசதி. ஆனால் எதைச் சுருக்குவது என்பதை அலுவலரோ விழாக் குழுவினரோ முடிவு செய்யலாகாது. அது வாத்தியாரின் உரிமை. கடிகாரத்தைப் பார்த்து நடுவிலே ஆட்டத்தை நிறுத்துதல் கலைஞரை அவமதிப்பதாகும். ‘மூன்றரை மணி நேரம், எந்தப் பகுதியை ஆடுவீர்?’ என்று ஒரு வாரம் முன்னரே கேட்டுவிடுதல் முறை.

கலைஞரின் ஊதியம்

ஒரு கூத்துக் குழுவில் ஏறத்தாழ 12 முதல் 15 பேர் இருப்பர். பங்குனி முதல் ஆடி வரை திரௌபதி அம்மன் விழாக்களால் அவர்களுக்கு வேலை உண்டு. அதன்பின் மழை தொடங்கினால் பலர் கூலி வேலையை நாடுகின்றனர். மகனைக் கூத்துக்கு அனுப்பத் தந்தையே அஞ்சுவதற்குக் காரணம் இதுவே. ஒரு குழு கலைந்தால், வாய்மொழியாகப் பயின்ற பாடல்களும் அடவுகளும் அதனுடன் போய்விடும். ஒரு கட்டடம் இடிந்தால் திரும்பக் கட்டலாம், இதனைக் கட்ட இயலாது. ஒரு ஒன்றியத்தில் உள்ள 20 ஊர்கள், விழாக் காலம் அல்லாத மாதங்களில் ஆளுக்கு ஓர் இரவு கூத்து வைத்தாலே 20 இரவுகளின் ஊதியம் ஆயிற்று. ஊருக்கு அது சிறு தொகை. குழுவுக்கோ ஆண்டினைக் கடத்த உதவும் தொகை.

ஊதியத்தை முன்னரே பேசி, எழுதி, நிகழ்ச்சி முடிந்த அன்றே முழுவதும் கொடுத்துவிட வேண்டும். ஆட்டத்தின் நடுவே 50 ரூபாய், 100 ரூபாய் அன்பளிப்பு அளித்து, கொடுத்தவர் பெயரையும் தெருவையும் கூவச் செய்யும் வழக்கம் கதையைக் குலைக்கிறது. அன்பளிப்பு வேண்டியதுதான், ஒரு பொதுத் தட்டில் இடட்டும், ஆட்டம் முடிந்ததும் மொத்தத் தொகையை அறிவிக்கலாம்.

பறை இசைப்போரைப் பற்றியும் கூற வேண்டும். இழவு வீட்டுக்கு மட்டுமே அழைப்பது, அதனையும் கடமை என்று கட்டளையிடுவது, கூலியை எட்ட நின்று கொடுப்பது ஆகிய வழக்கங்கள் எங்கேனும் எஞ்சியிருப்பின் அவை ஒழிக. பறை ஓர் இசைக்கருவி. அதை முழக்குவோர் கலைஞர். மற்றக் கலைஞர்களைப் போலவே அவர்களையும் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்து, மேடையேற்றி, பேசிய ஊதியத்தைக் கையில் கொடுத்தல் வேண்டும். வர விருப்பமில்லை என்று அவர்கள் கூறினால் அந்த உரிமையையும் மதித்தல் வேண்டும்.

தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளும் கலைஞர்களின் குடும்பத்துக்குக் கல்வி, திருமணம் முதலியவற்றுக்கு உதவி கிடைக்கும். மாவட்டக் கலை மன்றம், கலை இளமணி முதல் கலை முதுமணி வரை வயதுக்கு ஏற்ற விருதுகளை வழங்குகிறது. இவற்றை அறியாத கலைஞர்கள் நம் ஊர்களில் மிகப் பலர். விண்ணப்பத்தை நிரப்பித் தர ஊராட்சி அலுவலகம் ஒரு மாலைப் பொழுதினை ஒதுக்குதல் பெரிய காரியமன்று.

ஹெக்கோடு காட்டும் வழி

‘ஒரு சிற்றூரினால் இவ்வளவும் ஆகுமா?’ என்று ஐயுறுவோர்க்கு ஓர் எடுத்துக்காட்டு. கர்நாடக மாநிலத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், பாக்குத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள சிற்றூர் ஹெக்கோடு. அவ்வூரார் சிலர் 1949 ஆம் ஆண்டில் ‘நீலகண்டேசுவர நாட்டிய சேவா சங்கம்’ என்னும் நாடகக் குழுவைத் தொடங்கினர். ‘நீநாசம்’ என்பது அதன் சுருக்கப் பெயர். அதனை வளர்த்த கே. வி. சுப்பண்ணா பாக்கு விவசாயம் செய்தவர். 1972 இல் அவ்வூரில் அரங்கம் எழுந்தது. 1980 இல் நாடகப் பள்ளி தொடங்கியது. 1985 முதல் அவர்களது பயண நாடகக் குழு கர்நாடகத்தின் ஊர்கள்தோறும் சென்று நடித்து வருகிறது. 1991 இல் சுப்பண்ணாவுக்கு மகசேசே விருது கிடைத்தது.

இதில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. குழு தொடங்கி 23 ஆண்டுகள் கழித்தே அந்த அரங்கம் வந்தது. அவர்கள் முதலில் நாடகத்தை வளர்த்தனர். பிறகு அரங்கம் கட்டினர். நாம் முதலில் அரங்கத்தைக் கட்டிவிட்டோம். கெட்டுப்போகவில்லை; இனி நாடகத்தை வளர்க்கலாம்.

பஞ்சாயத்து செய்ய வேண்டியவை

அரசியலமைப்பின் 73 ஆவது திருத்தம் 1993 இல் நடைமுறைக்கு வந்தது. அதன் வழியே சேர்ந்த பதினொன்றாம் அட்டவணையில், ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 பொருள்கள் உள்ளன. குடிநீர், சாலை, சிறு பாசனம் ஆகியவற்றோடு, 21 ஆவது பொருளாகப் ‘பண்பாட்டு நடவடிக்கைகள்’ இடம்பெற்றுள்ளன. ஆகவே கலையை வளர்த்தல் பஞ்சாயத்துக்குப் புறம்பான வேலை என்று எவரும் எண்ண வேண்டா.

முதலாவதாக, கிராம சபையில் கலைக் குழு ஒன்றினை அமைக்கலாம். தலைவர் அன்றி 7 பேர் போதும். மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து இருவர், ஆசிரியர் ஒருவர், இளைஞர் ஒருவர், ஆதிதிராவிடர் தெருவிலிருந்து இருவர், கலைஞர் ஒருவர் என அமைவது பொருத்தம்.

இரண்டாவதாக, ஊரிலும் அண்டை ஊர்களிலும் உள்ள கலைஞர்களின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். கூத்தாடுவோர், தேவாரம் பாடுவோர், நாகசுரம், தவில், பறை வாசிப்போர், கும்மி, கோலாட்டம் அறிந்த மூதாட்டியர் யாவரும் அதில் இடம்பெறட்டும். பட்டியல் எதிர்பார்த்ததைவிட நீளும் என்பது நமது அனுபவம்.

மூன்றாவதாக, ஆண்டுக்கு 6 இரவுகள் என வரையறுத்துக்கொள்ளலாம். தை மாதத்தில் பொங்கலை ஒட்டி ஊர்ப் பிள்ளைகளின் நாடகம். மாசியில் அறுவடை முடிந்ததும் கூத்து. சித்திரையில் நாகசுரமும் தவிலும். ஆனியில் பெண்களின் கும்மி, கோலாட்டம். ஆவணியில் மீண்டும் கூத்து. புரட்டாசியில் தேவாரமும் தமிழிசையும். ஐப்பசி முதல் மார்கழி வரை மழைக் காலம், மேடைக்கும் ஓய்வு. முழுநிலவு நாளை ஒட்டி வைத்தால் வீடு திரும்பும் வழியில் வெளிச்சம் இருக்கும்.

நான்காவதாக, கற்பித்தல். கடலூரில் உள்ள மாவட்ட அரசு இசைப் பள்ளியில் குரலிசை, தேவாரம், நாகசுரம், தவில், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவை 3 ஆண்டுப் படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றன. ஆர்வமுள்ள பிள்ளைகளை அங்கே சேர்க்கலாம். அவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை தம் ஊர் மேடையில் பாடிக் காட்டட்டும்.

ஐந்தாவதாக, கணக்கு. வரவு, செலவு, யார் யாருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதை அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் படித்துக் காட்ட வேண்டும். பெருந்தொகை கொடுப்பவரைத் தேடாமல், வீட்டுக்கு ஒரு சிறு தொகையோ, ஒரு மரக்கால் நெல்லோ பெறுதல் நலம். ஒருவர் பணத்தில் நடக்கும் கூத்து அவருடைய கூத்து. எல்லோர் பணத்திலும் நடப்பதே ஊர்க் கூத்து.

முடிவாக ஒன்று. களத்தைச் சாலையோரத்துக்கு நகர்த்திய அந்த ஊருக்கு அண்மையில் ஆய்வுக்காகச் சென்றிருந்தோம். மேடையின்மேல் மூட்டை இல்லை. முன்னாளில் பெண் வேடம் கட்டிய அந்த முதியவர் மேடை விளிம்பில் அமர்ந்து, நான்கு சிறுவர்களுக்கும் இரண்டு சிறுமியர்க்கும் தாளம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்கள் எந்தத் தெருப் பிள்ளைகள் என்று நாம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் எழவில்லை.

பஞ்சாயத்து உறுப்பினர்களே, விவசாயப் பெருமக்களே! உங்கள் ஊரிலும் ஒரு மேடை இருக்கிறது. அதன் நெற்றியில் எழுதியுள்ள பெயரை மெய்யாக்குவது உங்கள் கையில் உள்ளது. அடுத்த கிராம சபையில் இதற்கெனக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஊர் கூடினால் தேர் நகரும், மேடையும் விழித்தெழும்.